வகுப்புக்கு ஒரு இணையப் பக்கம்: எதை ஏற்றலாம், எதை ஏற்றக் கூடாது

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். கேரளத்தின் பாலக்காடு ஜில்லாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்லூரியில், தமிழ்த் துறையில் கெஸ்ட் லெக்சரராக இருக்கிறார் கேள்வி கேட்டவர். தன் இரண்டு பேப்பருக்கும் சேர்த்து கூகுள் சைட்ஸில் ஒரு பக்கம் ஆரம்பித்திருக்கிறார். நோட்ஸ், பாடப்பகுதிகளின் பிடிஎஃப், அட்டென்டன்ஸ், இன்டர்னல் மார்க், டூர் போட்டோ எல்லாம் அதில் ஏறிவிட்டது. பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் துறையில் ஒரு மூத்த சார், "இதெல்லாம் போட ரூல் இருக்கா டீச்சர்?" என்று கேட்டுவிட்டார். பிரின்சிபல் கூப்பிடும் முன்னால் எது சரி, எது தப்பு என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறார்.

ரூல் இருக்கிறது. ஆனால் ஒரே புத்தகத்தில் இல்லை. கொஞ்சம் பதிப்புரிமைச் சட்டத்தில், கொஞ்சம் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், கொஞ்சம் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில், மீதி சர்வீஸ் ரூலிலும் பல்கலைக்கழக ரெகுலேஷனிலும் கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு கொடுக்கும் நாக் அமைப்பின் படிவத்திலும் சிதறிக் கிடக்கிறது. இணையத்தில் தேடினால் முதலில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விதிகள்தான் வரும். அதை அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ளாதீர்கள். ஒரு கல்லூரியின் கொள்கைத்தாளில் 'ஃபெர்பா சட்டப்படி மாணவர் விவரங்கள் பாதுகாக்கப்படும்' என்று பார்த்திருக்கிறேன். ஃபெர்பா 1974ல் அமெரிக்காவில் வந்த சட்டம். பாலக்காடு ஜில்லாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சிதறிக் கிடப்பதையெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பக்கத்தில் ஏற்றப்போகும் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது யாருடையது என்று கேட்டால் போதும். பாடத்தைப் பற்றியதா, நீங்கள் எழுதியதா, வேறொரு ஆசிரியர் எழுதியதா, அல்லது மாணவருடைய சொந்த விவரமா? பாடத்தைப் பற்றியதை ஊருக்கே திறந்து வைக்கலாம், வைக்கவும் வேண்டும். மாணவருடையதை ஒருபோதும் திறக்கக் கூடாது. நடுவில் இருக்கிற இரண்டுக்கும்தான் யோசனை தேவைப்படும்.

உங்கள் பக்கத்தில் இன்றைக்கே எடுக்க வேண்டியது மார்க்கும் அட்டென்டன்ஸும்தான். அதை முதலில் சொல்கிறேன்.

"டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறோமே, அதையே இணையத்தில் போட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். இன்டர்னல் மார்க்கைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் முன் பிள்ளைகளிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவது நல்ல வழக்கம்தான். ஆனால் போர்டைப் பார்ப்பவர்கள் அந்த வராந்தாவில் நடப்பவர்கள். ரெண்டு வாரத்தில் தாளைக் கிழித்துவிடுவோம். இணையத்தில் போட்டது கூகுளில் ஏறும், யாரோ இறக்கி வைப்பார்கள், மூன்று வருஷம் கழித்து அந்தப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர் அவள் பெயரைத் தேடும்போது 30க்கு 11 என்று வந்து நிற்கும். நம்மூரில் வரன் விசாரிப்பவர்கள் எவ்வளவு தூரம் விசாரிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாததல்ல.

பெயரை எடுத்துவிட்டு ரெஜிஸ்டர் நம்பர் மட்டும் போட்டால் போதுமா? போதாது. ரெஜிஸ்டர் நம்பர் பெரும்பாலும் வரிசையாக ஓடும். இருபது முப்பது பேர் உள்ள தமிழ் வகுப்பில் எந்த நம்பர் யார் என்று எல்லோருக்குமே தெரியும். எக்செல் தாளில் பெயர்ப் பத்தியை 'ஹைட்' செய்துவிட்டு லிங்க் கொடுப்பவர்களும் உண்டு. பார்க்கிறவர் தன் டிரைவில் ஒரு காப்பி எடுத்து அந்தப் பத்தியைத் திரும்பத் திறந்துகொள்ள முடியும். மறைப்பது வேறு, நீக்குவது வேறு. கூகுள் ஃபார்மில் அசைன்மென்ட் வாங்குகிறீர்கள் என்றால் அதன் செட்டிங்கில் பதில்களின் சுருக்கத்தை எல்லோருக்கும் காட்டும் ஒரு வசதி இருக்கிறது. அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துவிடுவதற்கு அந்த ஒரு பொத்தான் போதும்.

மார்க்கை அவரவருக்கு மட்டும் காட்டும் வழி ஏற்கெனவே இருக்கிறது. கல்லூரியில் மூடில் (Moodle) என்ற இணையப் பாடத்தளம் இருந்தால் அதில் கிரேடு புத்தகம் உண்டு, ஒவ்வொருவரும் தன்னுடையதை மட்டும்தான் பார்க்க முடியும். கூகுள் கிளாஸ்ரூமும் அப்படித்தான். ரெண்டும் இல்லையென்றால் வகுப்பில் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பழைய முறைதான், ஆனால் அதில் எந்தச் சட்டச் சிக்கலும் இல்லை.

இதற்குப் பின்னால் நிற்பது 2023ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, பகுதி பகுதியாக அமலுக்கு வருகின்றன. கல்லூரி ஆசிரியர்கள் கவனிக்காமல் விட்டுவிடுகிற ஒரு விஷயம் அதில் இருக்கிறது. 18 வயது நிறையாதவர் அந்தச் சட்டத்தின் பார்வையில் குழந்தை. அவர்களுடைய விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். பிளஸ் டூ முடித்து நேராக வந்து சேரும் முதலாண்டுப் பிள்ளைகளில் பலருக்கு முதல் செமஸ்டரில் 18 நிறைந்திருக்காது. டூர் போட்டோவை யோசித்துப் பாருங்கள். மலம்புழா அணை முன்னால் நின்று எடுத்த குரூப் போட்டோ யாருக்கு என்ன கெடுதல் செய்யும் என்று தோன்றும். ஆனால் கீழே பெயர், வகுப்பு, ஊர் எல்லாம் எழுதியிருக்கிறது. வேண்டாம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவோடு நிறுத்துங்கள். அங்கேயும் 'என்னைப் போட வேண்டாம்' என்று ஒரு பிள்ளை சொன்னால் போடக் கூடாது.

போட்டோவைவிட மோசமானது, கேரள அரசின் ஸ்காலர்ஷிப்பான இ-கிராண்ட்ஸ் பட்டியல். ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தில் குறையிருப்பவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் ஆபீஸிலிருந்து வரும், 'உங்க பேஜ்ல போட்டுடுங்க, பிள்ளைங்க சீக்கிரம் பார்ப்பாங்க' என்பார்கள். அந்தப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் எஸ்.சி., எஸ்.டி., ஓ.இ.சி. என்று ஒரு பத்தி இருக்கும். நல்லெண்ணத்தில் செய்கிற காரியம்தான், ஆனால் ஒரு வகுப்பின் சாதி விவரத்தை ஊருக்கு ஒட்டிவைப்பதாகிவிடும். 'குறையுள்ள விண்ணப்பங்கள் ஆபீஸில் இருக்கின்றன, வெள்ளிக்குள் வந்து பாருங்கள்' என்று ஒரு வரி போதும்.

ஏற்கெனவே போட்டதை நீக்கினாலும் கூகுள் தேடலில் அதன் நிழல் கொஞ்ச நாள் இருக்கும். பழைய உள்ளடக்கத்தைத் தேடல் முடிவிலிருந்து எடுக்கச் சொல்ல கூகுளே ஒரு பக்கம் வைத்திருக்கிறது. முகவரியைக் கொடுத்தால் எடுத்துவிடுவார்கள். முதலில் கோப்பை அழியுங்கள், அப்புறம் அதைச் செய்யுங்கள்.

சரி, அடுத்தது நோட்ஸும் பிடிஎஃப்பும். உங்கள் சார் ரூல் கேட்டது அநேகமாக இதைப் பார்த்துத்தான்.

1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு ஆசிரியர்களுக்கு நிறையவே இடம் கொடுத்திருக்கிறது. பாடம் நடத்தும் வழியில் ஆசிரியரோ மாணவரோ ஒரு நூலை நகலெடுத்தால் அது மீறல் இல்லை. கேள்வித்தாளில் எடுத்துப் போட்டாலும், விடையில் எழுதினாலும் மீறல் இல்லை. 'பாடம் நடத்தும் வழியில்' என்பது எதுவரை என்பதில்தான் டில்லிப் பல்கலைக்கழக வழக்கு வந்தது. வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி போட்டோகாப்பி கடை, ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பகுதிகளை நகலெடுத்துத் தொகுப்பாக விற்றது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் மூன்று பதிப்பகங்களும் 2012ல் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பரில் டில்லி உயர் நீதிமன்றத்தின் ஒற்றை நீதிபதி வழக்கைத் தள்ளினார். அதே டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, பாடம் நடத்துவது என்பது வகுப்பறையில் பேசும் ஒரு மணி நேரத்தோடு முடிவதல்ல, பாடத்துக்குத் தேவையான அளவு நகலெடுக்கலாம், பக்கக் கணக்கு முக்கியமில்லை என்ற கருத்தை எடுத்தது. 2017ல் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டை ஏற்கவில்லை.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றக் கிளம்புகிறவர்கள் உண்டு. நிதானம் வேண்டும். அந்தத் தீர்ப்பு, அந்தப் பாடத்தைப் படிக்கிற மாணவர்கள் கைக்குப் போன தொகுப்பைப் பற்றியது. பாஸ்வேர்ட் இல்லாத பக்கத்தில் முழு நாவலின் பிடிஎஃப் தொங்கினால், கோவையில் இருக்கிற ஒருவர் எந்தக் கல்லூரியிலும் படிக்காமலே இறக்கிக்கொள்வார். அது பாடம் நடத்துவதாகாது, பதிப்பிப்பதாகும். பாடத்துக்கு வேண்டிய பகுதி, சேர்ந்திருக்கிற மாணவருக்கு மட்டும் என்ற இரண்டும் இருந்தால் நீங்கள் சட்டத்தின் நிழலில் நிற்கிறீர்கள். ஒன்று போனாலும் வெயிலில்தான். ஆகவே இன்னும் உரிமை தீராத நூல்களின் பகுதிகளைக் கிளாஸ்ரூமிலோ மூடிலிலோ வையுங்கள், திறந்த பக்கத்தில் நூலின் பெயர், பதிப்பு, பக்க எண் மட்டும் போடுங்கள்.

தமிழ்த் துறைக்கு இதில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது, மற்றத் துறைக்காரர்களுக்குக் கிடைக்காதது. நாம் நடத்துவதில் பாதிக்கு மேல் யாருடைய உரிமையிலும் இல்லை. நூலாசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு வரைதான் பதிப்புரிமை. உ.வே.சாமிநாதையர் 1942ல் மறைந்தார். அவர் பதிப்பித்தவை 2002ஆம் ஆண்டோடு பொதுவுக்கு வந்துவிட்டன. சங்கப் பாடல் மூலத்துக்குக் கேட்கவே வேண்டாம். அப்புறம் நாட்டுடைமை. பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949ல் அன்றைய சென்னை மாகாண அரசு வாங்கியது, பிறகு அவை பொதுவாக்கப்பட்டன. புதுமைப்பித்தன் எழுத்து 2002ல் நாட்டுடைமையானது. வாரிசுகளுக்குப் பணம் கொடுத்துத் தமிழ்நாட்டு அரசு உரிமையை மக்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது, அது வாளையார் செக்போஸ்ட்டில் நின்றுவிடுவதில்லை. 1998லிருந்து நடக்கிற மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் இவை கிடைக்கின்றன. நீங்களே ஸ்கேன் செய்து 80 எம்பி கோப்பு ஏற்றுவதைவிட அங்கே போகும் லிங்க் கொடுப்பது மேல்.

கவனிக்க வேண்டியது உரையை. குறுந்தொகை மூலம் பொதுச்சொத்து, ஆனால் இன்றிருக்கும் ஒருவர் எழுதிய உரை அவருடையது. நோட்ஸ் என்ற பெயரில் உரைநூலின் பத்திகளை வரிசை மாற்றி டைப் செய்வது நம் துறையில் சகஜம். வகுப்பில் சொல்லும்போது யாரும் கேட்க மாட்டார்கள். பக்கத்தில் உங்கள் பெயரோடு ஏறும்போது அது திருட்டுதான். பதிப்பகம் வருகிறதோ இல்லையோ, பிஎச்.டி. செய்கிற மாணவர் ஒருவர் கண்டுபிடித்து முகநூலில் எழுதுவார்.

நீங்களே எழுதிய நோட்ஸ் உங்களுடையதா? சட்டத்தின் 17ஆம் பிரிவு, வேலை ஒப்பந்தத்தின் கீழ் வேலைக்காக எழுதியது, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் வேலை கொடுத்தவருடையது என்கிறது. வகுப்பு நோட்ஸ் அதற்குள் வருமா என்பதை இரண்டு பக்கமும் வாதாடலாம். நடைமுறையில், ஓர் ஆசிரியரின் நோட்ஸ் எங்களுடையது என்று கல்லூரி வந்து நின்றதை நான் பார்த்ததில்லை. பக்கத்தின் அடியில் 'பெயரைக் குறிப்பிட்டு, விற்பனைக்கல்லாமல் யாரும் பயன்படுத்தலாம்' என்று ஒரு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் போட்டுவிடுங்கள். உங்களுக்கும் மரியாதை, கைடு போடுகிறவர்களுக்கும் ஒரு தடை.

மாணவர் எழுதிய நல்ல அசைன்மென்ட்டை மாதிரிக்குப் போடுவதும் இதே கணக்குதான். எழுதியவர் அவர், உரிமையும் அவருடையது. எழுத்தில் ஒரு சம்மதம் வாங்குங்கள், பெயர் போடலாமா என்றும் கேளுங்கள்.

இனி, கட்டாயம் இருக்க வேண்டியவை. இதில்தான் பெரும்பாலான பக்கங்கள் காலியாக இருக்கின்றன. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலம் 2009ல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. அரசுக் கல்லூரிகளில் ஒவ்வொரு இளநிலைப் பாடத்தின் சிலபஸும், தேர்வு, அசைன்மென்ட், படிக்க வேண்டிய நூல் விவரத்தோடு இணையத்தில் இருக்க வேண்டும். முகப்புப் பக்கத்திலிருந்து மூன்று கிளிக்குக்குள் போய்ச் சேர வேண்டும். லாக்இன் கேட்கக் கூடாது. வகுப்பு தொடங்கி ஏழாம் நாளுக்குள் ஏற்ற வேண்டும். அந்தச் சட்டம் நமக்கில்லை, ஆனால் அந்த மூன்று கிளிக் அளவுகோல் எனக்குப் பிடிக்கும். உங்கள் கல்லூரித் தளத்தைத் திறந்து உங்கள் பேப்பரின் சிலபஸை எத்தனை கிளிக்கில் எட்ட முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். பாதியில் ஒரு பழைய டெண்டர் அறிவிப்பில் போய் முட்டுவீர்கள்.

நம் பக்கம் இதைக் கேட்பது நாக். புரோகிராம் அவுட்கம், கோர்ஸ் அவுட்கம் (படிப்பையும் பாடத்தையும் முடித்தவர் என்ன கற்றிருப்பார் என்ற குறிப்புகள்) இரண்டும் தளத்தில் காட்டப்பட்டிருக்கிறதா என்பது அதன் கேள்விகளில் ஒன்று. ஆகவே பிரின்சிபல் உங்களைக் கூப்பிட்டால் பயப்பட வேண்டாம், அவுட்கம் ஏற்றியிருக்கும் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். கல்லூரியின் தர உறுதிக் குழுவான ஐக்யூஏசியின் கோஆர்டினேட்டரே வந்து லிங்க் கேட்பார்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இங்கே இருக்கிறது. 2024 ஜூலையில் கேரளத்தில் நாலு வருஷ டிகிரி தொடங்கியதிலிருந்து, கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் பாடங்களில் நாலு மாட்யூலைப் பல்கலைக்கழகம் வகுக்கிறது, ஐந்தாவது மாட்யூல் திறந்தது, அதை ஆசிரியர் வகுக்கிறார். அந்த ஐந்தாவதில் என்ன நடத்தப்போகிறீர்கள், எப்படி மதிப்பிடுவீர்கள் என்பது பல்கலைக்கழகத்தின் எந்த பிடிஎஃப்பிலும் இருக்காது. உங்கள் பக்கத்தில் இல்லையென்றால் எங்கேயும் இல்லை. எல்லைப் பகுதிக் கல்லூரியில் இந்த மாட்யூல் ஒரு வரம். வேலந்தாவளம் சந்தைப் பேச்சு, சித்தூர்த் தாலுக்காவின் ஊர்ப்பெயர்கள், தமிழும் மலையாளமும் கலந்த வீட்டுமொழி என்று எதையும் வைக்கலாம். வைத்தால் தேதியோடு எழுதி ஏற்றுங்கள்.

தேதியோடு என்று சொல்வதற்குக் காரணம், நீங்கள் எழுதி வைப்பது ஒரு வாக்குறுதி மாதிரி. 30 இன்டர்னல் மார்க் எப்படிப் பிரிகிறது, அசைன்மென்ட் கடைசி நாள் எது, தாமதமானால் எத்தனை மார்க் குறையும் என்று வகுப்புத் தொடங்கும்போது போட்டுவிட்டு, செமஸ்டர் நடுவில் சத்தமில்லாமல் மாற்றக் கூடாது. மாற்றத்தான் வேண்டுமென்றால் பழையதை அழிக்காமல், மாற்றம் இன்ன தேதியில் என்று கீழே எழுதுங்கள். இன்டர்னல் மார்க்கில் புகார் வந்தால் துறை, கல்லூரி, பல்கலைக்கழகம் என்று மேலே போகும். அப்போது 'டீச்சர் முன்னாடி சொல்லவே இல்லை' என்ற பேச்சுக்கு அந்தத் தேதிதான் பதில். மாணவர் பக்கம் நியாயம் இருந்தால் அவருக்கும் அதுவே சாட்சி.

அடுத்து நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்கு இதுதான் பெரிசு. உங்கள் நோட்ஸ் எந்த எழுத்துருவில் இருக்கிறது?

நம் துறைகளில் இன்னும் பாமினியிலும் வானவில்லிலும் டைப் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். டிடிபி கடையில் கொடுத்து வாங்கினால் அநேகமாக அப்படித்தான் வரும். அந்த எழுத்துருக்களில் நாம் பார்ப்பது தமிழ், கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. பாமினியில் 'அம்மா' என்று அடித்ததை, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் 'எம், கே, செமிகோலன், கே, எச்' என்று வாசிக்கும். பார்வையற்ற ஒரு மாணவர் உங்கள் வகுப்பில் இருந்தால் அவர் கேட்பது இதைத்தான். கூகுளில் தேடினாலும் அகப்படாது, அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தாலும் குப்பையாகத் தெரியும். தமிழ்நாட்டு அரசு 2010லேயே ஒருங்குறியை (யூனிகோடை) தரமாக அறிவித்துவிட்டது. பழைய கோப்புகளை மாற்ற என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை பிழை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

ஒருங்குறியில் டைப் செய்துவிட்டு பிடிஎஃப் ஆக்கினால் தீர்ந்ததா என்றால், பல சமயம் தீராது. தமிழ் பிடிஎஃப்பிலிருந்து காப்பி எடுத்துப் பாருங்கள், 'கொ', 'கோ' மாதிரி எழுத்துகளில் கொம்பு இடம் மாறி வந்து விழும். ஸ்கிரீன் ரீடருக்கும் அதே கதிதான். அதனால் நோட்ஸை நேரடியாகப் பக்கத்திலேயே எழுத்தாக வையுங்கள், பிடிஎஃப் வேண்டுமென்றால் கூடுதலாகக் கொடுங்கள். கைப்பட எழுதியதைப் போட்டோ எடுத்து ஏற்றுவது யாருக்கும் உதவாது. அச்சடித்த பழைய பக்கம் என்றால் கூகுள் டிரைவில் போட்டு டாக்ஸில் திறந்தால் ஓரளவு நன்றாகவே தமிழ் எழுத்தாக மாற்றிக் கொடுக்கும்.

இது வெறும் நல்ல பழக்கம் இல்லை, சட்டம். 2016ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, மின்னணு வடிவில் உள்ள தகவலும் அவர்களுக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. அரசுத் தளங்களுக்கென்று உள்ள வழிகாட்டுதல்கள் 2009லிருந்து இருக்கின்றன, அவற்றின் மூன்றாம் பதிப்பு 2023ல் வந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வழி அணுகல் என்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தருகிற வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லியிருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்திலும் 2012 திருத்தத்தில், மாற்றுத்திறனாளிகள் படிக்கும்படியான வடிவில் நூலை மாற்றிக் கொடுக்கத் தனி விலக்கு சேர்த்தார்கள்.

இதை அலட்சியம் செய்தால் என்னாகும் என்பதற்கு கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சொல்வார்கள். இலவசமாகத் திறந்து வைத்திருந்த பாட வீடியோக்களில் சப்டைட்டில் சரியில்லை என்று காது கேளாதவர்கள் சார்பில் புகார் போனது. 2016ல் அமெரிக்க நீதித் துறை சரிசெய்யச் சொன்னது. பல்கலைக்கழகம் 2017ல் 20,000க்கும் மேற்பட்ட ஒலி, ஒளிப் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்தே எடுத்துவிட்டது. புகார் கொடுத்தவர்களைத் திட்டியவர்கள் நிறையப் பேர். எனக்கென்னவோ, பதிவு செய்த அன்றைக்கே சப்டைட்டிலும் போட்டிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது என்றுதான் தோன்றும். ஆயிரக்கணக்கில் சேர்ந்தபின் சரிசெய்வது மலையைப் புரட்டும் வேலை. உங்களிடம் இருப்பதோ ஒரு செமஸ்டர் நோட்ஸ். இப்போதே மாற்றுங்கள்.

மொழியைப் பற்றி. பக்கம் தமிழில் இருப்பதில் தப்பே இல்லை, தமிழ்த் துறைப் பக்கம் வேறெதில் இருக்கும். ஆனால் வீட்டில் தமிழ் பேசி மலையாள மீடியத்தில் படித்து வந்த பிள்ளைகள் இங்கே உண்டு, வேகமாகத் தமிழ் வாசிக்க அவர்களுக்குச் சிரமம். தேர்வுத் தேதி, கடைசி நாள் மாதிரி தவறவே கூடாத விஷயங்களை மலையாளத்திலும் ஒரு வரி போடுங்கள். மேலே நாலு வரி ஆங்கிலச் சுருக்கம் இருந்தால் பிரின்சிபலும் நாக் குழுவும் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். பெரும்பாலான பிள்ளைகளிடம் இருப்பது போன் மட்டும்தான், அதனால் எதை ஏற்றினாலும் உங்கள் போனில், பஸ்ஸில் உட்கார்ந்து, ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

விளம்பரம் வேண்டாம். கேரள அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1960லிருந்து இருக்கின்றன, அனுமதியில்லாமல் தனித் தொழில் செய்வதை அவை தடுக்கின்றன. கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பர வருமானம் அதில் சேருமா சேராதா என்று வாதாடிக்கொண்டிருக்கும் நிலைமைக்கு நாம் போகவே வேண்டாம். கூகுள் சைட்ஸில் விளம்பரம் கிடையாது. இலவச வேர்ட்பிரஸில் அவர்களே போடுவார்கள், அதனால் அதைத் தவிர்க்கலாம். அரசைப் பற்றிய சொந்த அபிப்பிராயங்களுக்கும் இது இடமில்லை. பாடத்தில் வருகிற அரசியலை நடத்துவது வேறு, அதை யாரும் தடுக்க முடியாது.

கடைசியாக, நீங்கள் கெஸ்ட் என்பதால் ஒன்று. பக்கம் உங்கள் சொந்த ஜிமெயிலில் இருக்கிறது. மார்ச்சில் உங்கள் காலம் முடியும், அடுத்த ஜூனில் அதே கல்லூரியில் இருப்பீர்களோ, பொள்ளாச்சிப் பக்கம் போவீர்களோ தெரியாது. கல்லூரிக்கு ஏசி டாட் இன் முகவரியும் அதில் ஆசிரியர்களுக்கு மெயிலும் இருந்தால், ஒன்று கேட்டு வாங்கி, பக்கத்தை அதற்கு மாற்றுங்கள். கெஸ்டுக்குக் கொடுக்க மாட்டோம் என்றால், துறையின் பொது மெயிலை இன்னொரு எடிட்டராகச் சேர்த்துவிடுங்கள். எச்ஓடிக்கு ஒரு கடிதம் எழுதி, பக்கத்தின் முகவரி, அதில் என்ன இருக்கிறது, மாணவர் விவரம் எதுவும் இல்லை என்று மூன்று வரியில் சொல்லி, பிரின்சிபலுக்கும் ஒரு நகல் கொடுங்கள். வாங்கியதற்கு இன்வேர்ட் நம்பர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போகும்போது நோட்ஸின் ஒரு காப்பி உங்களோடு போகலாம். மாணவர் அனுப்பிய அசைன்மென்ட்களையும் மார்க் தாளையும் துறையில் ஒப்படைத்துவிட்டு, உங்கள் டிரைவிலிருந்து அழித்துவிடுங்கள், டிராஷையும் சேர்த்து.